கட்டிக்குள் இருப்பது யார்? வைரஸும் லிம்போமாவும்: ஓர் எளிய விளக்கம்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே. தலையில் பேன் புண் இருக்கிற பிள்ளைக்குப் பின்கழுத்தில். "நெறி கட்டியிருக்கு, எங்கேயாவது புண்ணு இருக்கும் பாரு" என்பார் பாட்டி. நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் முதல் வரி அதுதான்.

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. உடம்பில் சுமார் 600 இருக்கின்றன. கிருமி வராத நாளில் மொச்சைக் கொட்டை அளவில் சும்மா கிடக்கும், கைக்கும் தட்டுப்படாது. உள்ளே லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதில் இரண்டு கூட்டம் முக்கியம். எதிர்ப்புப் புரதம் தயாரிப்பவை பி-செல்கள். அவற்றை மேற்பார்வை பார்ப்பதும், நோய்த்தொற்றுள்ள செல்களைத் தேடிக் கொல்வதும் டி-செல்களின் வேலை.

கிருமி ஒன்று வந்து சேர்ந்தால், அதற்குப் பொருந்துகிற பி-செல் மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகும். கணு வீங்குவது அதனால்தான். பெருகும்போது இந்தச் செல்கள் இன்னொரு காரியமும் செய்கின்றன. இன்னும் நன்றாகப் பொருந்தும் எதிர்ப்புப் புரதம் வேண்டும் என்பதற்காகத் தங்கள் டி.என்.ஏ.வையே வெட்டி, ஒட்டி, எழுத்து மாற்றிப் பார்க்கும். உடம்பில் வேறெந்தச் செல்லும் இவ்வளவு துணிச்சலாகத் தன் மரபணுவில் கைவைப்பதில்லை. வெட்டிய துண்டு தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பின்னால் வருகிறேன்.

புண் ஆறினால் நெறி வடிய வேண்டும். செல்கள் "வேலை முடிந்தது" என்று தாமாகவே செத்துப்போக வேண்டும். அப்படிச் சாகாமல், நிறுத்தாமல், ஒரே செல்லின் வாரிசுகள் பெருகிக்கொண்டே போனால் அது லிம்போமா. லிம்போமாவில் பல டஜன் வகைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சிலவற்றைப் பற்றியது. வைரஸ் பின்னால் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது, தெரிந்ததை எப்படி நிரூபித்தார்கள் என்பதையும் பார்ப்போம். என்னைக் கேட்டால் சுவாரசியம் எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்கு முன், பேத்தாலஜிஸ்ட் என்றால் யார்? நம் ஊரில் பயாப்ஸி ரிப்போர்ட்டைச் சர்க்கரை ரிப்போர்ட் மாதிரி ஏதோ மெஷின் அச்சடித்துத் தருகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. வெட்டியெடுத்த கணு ஃபார்மலினில் ஊறும். பிறகு மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்குவார்கள். லேபில் அதற்குப் பெயர் 'ப்ளாக்'. அதை 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவுவார்கள்; தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டி இரண்டு சாயம் ஏற்றினால் செல்லின் கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் ரோஸாகவும் தெரியும். பிறகு ஒரு டாக்டர் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிறார். அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, நோயாளியும் அவரைப் பார்ப்பதில்லை. ஆனால் 'புற்றுநோய்' என்ற சொல்லை முதலில் எழுதுகிற கை அவருடையது.

தாடை வீங்கிய குழந்தைகள்

1957. உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனை. அங்கே டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்துக்காரர் அறுவை மருத்துவராக இருந்தார். சிறு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பார்க்கும்படி சக மருத்துவர் அவரை அழைத்தார். பையனுக்கு மேல்தாடை, கீழ்தாடை இரண்டிலும் இரு பக்கமும் கட்டி. சீழ்க்கட்டி என்றால் நான்கு இடத்திலும் ஒரே சமயத்தில் ஏன் வரவேண்டும்? சில வாரங்கள் கழித்து ஜிஞ்சா என்ற ஊரில் அதே மாதிரி முகத்தோடு இன்னொரு குழந்தை. அதற்கு வயிற்றிலும் கட்டிகள். பர்க்கிட் பழைய கேஸ் நோட்டுகளைப் புரட்டினார். தாடைக்கட்டி என்று ஓரிடத்திலும், கண்கட்டி, சிறுநீரகக் கட்டி, சினைப்பைக் கட்டி என்று வேறு வேறு இடங்களிலும் எழுதி வைத்திருந்த குழந்தைகள் பலருக்கும் ஒரே நோய்தான் என்று பட்டது. 1958-ல் எழுதினார். சதைக்கட்டி வகைப் புற்று என்றுதான் முதலில் நினைத்தார்.

அதை லிம்போமா என்று சொன்னவர்கள் கம்பாலாவின் பேத்தாலஜிஸ்டுகள். ஸ்லைடைப் பார்த்தால் ஊதாக் கருக்கள் இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்கும். நடுநடுவே வெளிறிய வட்டங்கள். அமாவாசை இரவில் மொட்டை மாடியில் படுத்து மேலே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. 'நட்சத்திர வானம்' என்றே இந்தத் தோற்றத்துக்குப் பெயர். இருட்டாகத் தெரிவது புற்றுச்செல்கள். வெளிறிய புள்ளிகள், செத்த புற்றுச்செல்களைத் தின்னும் துப்புரவு செல்கள். அதாவது இந்தக் கட்டியில் செல்கள் வெறியோடு பெருகுகின்றன, கூட்டம் கூட்டமாகச் சாகவும் செய்கின்றன. ஓரிரு நாட்களில் இரட்டிப்பாகிற கட்டி இது. மனிதருக்கு வரும் புற்றுகளில் இவ்வளவு வேகமானது மிகக் குறைவு.

பர்க்கிட் அதோடு விடவில்லை. 1961-ல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் கிளம்பிப் பத்து வாரம், சுமார் 16,000 கிலோமீட்டர், கிழக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மருத்துவமனை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். "இந்த மாதிரிக் குழந்தைகள் உங்களிடம் வருகிறார்களா?" என்ற ஒரே கேள்வியோடு. வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தது. மழை அதிகம், வெயில் அதிகம், உயரம் குறைவு. மலைப்பகுதிகளில் நோய் இல்லை. மலேரியா கடுமையாக இருக்கிற நிலப்பரப்போடு அந்தப் பட்டை அப்படியே பொருந்தியது. தட்பவெப்பம் பார்த்து வரும் புற்றுநோய் என்றால் கொசுவோ கிருமியோ சம்பந்தப்பட்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

(பிற்காலத்தில் இதே பர்க்கிட் சாப்பாட்டில் நார்ச்சத்து வேண்டும் என்று உலகெங்கும் பேசித் திரிந்து, அதனால் இன்னும் பிரபலமானார். அது வேறு கதை.)

பின்வரிசையில் இருந்த பேத்தாலஜிஸ்ட்

1961 மார்ச் 22. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்க்கிட் பேசினார். கேட்க வந்தவர்களில் அந்தோணி எப்ஸ்டீன் ஒருவர். வயது 39. அதே மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜிஸ்ட். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கோழிக்கு வருகிற ஒரு புற்றுநோய்.

கோழியா என்று சிரிக்க வேண்டாம். 1911-லேயே நியூயார்க்கில் பெய்ட்டன் ரூஸ் ஒரு சோதனை செய்திருந்தார். கோழியின் கட்டியை அரைத்து, செல்லும் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிவை இன்னொரு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. வடிகட்டியைத் தாண்டி வந்தது வைரஸ். அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-ல், 55 ஆண்டு கழித்து! நடுவில் பெரும்பாலோர் "கோழிக்கு வரலாம், மனுஷனுக்கு எப்படி?" என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். எப்ஸ்டீன் ஒதுக்காதவர்களில் ஒருவர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கோழி வைரஸைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. பர்க்கிட்டின் பேச்சு முடிவதற்குள்ளேயே இதில் வைரஸைத் தேட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்ததும் கிடைத்துவிடவில்லை. கம்பாலாவில் குழந்தைகளிடம் எடுத்த கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்கு வந்தன. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றும் இல்லை. முட்டையில், வளர்ப்புச் செல்களில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கும் மேல் இப்படியே போனது.

வைரஸ் ஒளிந்திருக்கலாம், உடம்பின் காவல் இல்லாத இடத்தில் செல்லை வளர்த்தால் தலைகாட்டலாம் என்று ஒரு யோசனை. கட்டியின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் பனிமூட்டம். கம்பாலாவிலிருந்து வந்த விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. கட்டித் துண்டு லேபுக்கு வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. குப்பியிலிருந்த திரவம் கலங்கலாக இருந்தது. கலங்கல் என்றால் பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் செய்வது குப்பைக்கூடையில் போடுவதுதான். எப்ஸ்டீன் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பாக்டீரியா இல்லை. பயணத்தில் குலுங்கிக் குலுங்கித் துண்டின் ஓரத்திலிருந்து உதிர்ந்த புற்றுச்செல்கள், உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. துண்டாக வைத்தால் வளர மறுத்தவை தனித்தனியாக மிதக்கவிட்டால் வளருமோ? லேபில் செல் வளர்க்கும் பொறுப்பு இவோன் பார் என்ற இளம் ஆராய்ச்சியாளருடையது. மிதக்கவிட்டு வளர்த்தார்கள். வளர்ந்தது.

1964 பிப்ரவரி. வளர்த்த செல்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் முதல் பார்வையிலேயே ஒரு செல்லுக்குள் வைரஸ் துகள்கள். எலக்ட்ரான் கற்றையின் சூட்டில் மாதிரி கருகிவிடுமோ என்ற பயத்தில் மெஷினை அணைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்ப் பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார் எப்ஸ்டீன். திரும்பி வந்து போட்டபோதும் வைரஸ் அங்கேயே இருந்தது. அக்கி, சின்னம்மை ஆகியவற்றைத் தரும் ஹெர்பிஸ் குடும்பத்தின் சாயல். ஆனால் அவற்றில் எதுவுமில்லை. புதுசு.

மார்ச் 28-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. மூன்று பெயர்கள்: எப்ஸ்டீன், அச்சாங், பார். வளர்த்த செல்களுக்கு எப்ஸ்டீன், பார் இருவரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்திருந்ததால், வைரஸுக்கும் எப்ஸ்டீன்–பார் வைரஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுருக்கமாக இ.பி.வி. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தோள்கொடுத்த பெர்ட் அச்சாங், டிரினிடாட் தீவிலிருந்து வந்தவர், பெயரில் இடம்பெறாமல் போனார். இவோன் பார் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து ஆஸ்திரேலியா போய்ப் பள்ளி ஆசிரியை ஆனார். எத்தனை மாணவர்களுக்குத் தங்கள் டீச்சரின் பெயரில் ஒரு வைரஸ் இருப்பது தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

கண்டுபிடித்தது வேறு, குற்றம் நிரூபிப்பது வேறு

இங்கேதான் கதை சிக்கலாகிறது. பிலடெல்பியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற தம்பதி. எப்ஸ்டீன் அனுப்பிய செல்களை வைத்து, யார் யார் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்று சோதித்தார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இருந்தது, சரி. அமெரிக்கர்களிடமும் இருந்தது. பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும். இன்றைக்கு உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களிடமும் பெரும்பாலும் இருக்கும். எச்சிலில் பரவும். நம் மாதிரி ஊர்களில் கைக்குழந்தையாக இருக்கும்போதே வந்து, இன்னொரு சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். வசதியான நாடுகளில் பதின்ம வயதுவரை தள்ளிப்போய், அப்போது வந்தால் தொண்டைப்புண், நெறிகட்டி, வாரக்கணக்கில் சோர்வு என்று படுக்கவைக்கும். அந்த நோய்க்கு மோனோநியூக்ளியோசிஸ் என்று பெயர். இ.பி.வி.தான் அதற்குக் காரணம் என்பதும் ஹென்லே லேபில்தான் தெரிந்தது. அங்கே வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இல்லை என்று முன்பே சோதித்து வைத்திருந்தார்கள். 1967-ல் அவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. குணமாகி வந்தபோது இ.பி.வி. எதிர்ப்புப் புரதமும் வந்திருந்தது.

ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்க இருக்கும். சில பி-செல்களுக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கும்.

இப்போது யோசியுங்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற அரிவாள்மணை, கொலை நடந்த வீட்டிலும் இருந்தது என்றால் அதை வைத்து வழக்கு நிற்குமா? கட்டியில் இ.பி.வி. இருக்கிறது என்பதும் அப்படித்தான். வேடிக்கை பார்க்க வந்தவனா, கைகாரனா?

இதற்குப் பதில் தேடிய விதம்தான் இந்தத் துறையின் அழகு. ஒரு சாட்சி சோதனைக் குடுவையிலிருந்து வந்தது. சாதாரண பி-செல்லை வெளியே எடுத்து வைத்தால் சில நாளில் செத்துவிடும். இ.பி.வி.யைச் சேர்த்து வைத்தால் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இன்னொன்று உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியிலிருந்து. 1970களில் அங்கே சுமார் 42,000 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பிற்பாடு யாருக்குக் கட்டி வந்ததோ அவர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், நோய் வருவதற்கு முன்பே இ.பி.வி. எதிர்ப்புப் புரதம் மற்ற குழந்தைகளைவிடத் தூக்கலாக இருந்தது.

எனக்குப் பிடித்த சாட்சி மூன்றாவது. இ.பி.வி.யின் டி.என்.ஏ. நீளமான நூல் மாதிரி. செல்லுக்குள் போனதும் இரண்டு முனையும் சேர்ந்து வளையமாகும். முனைகளில் ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். வளையமாகும்போது அதில் எத்தனை துண்டு மிஞ்சும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பூக்காரம்மாக்கள் நாரை முடிவது மாதிரி. ஒவ்வொருவர் முடிச்சும் ஒரு தினுசு. கட்டி வளர்ந்த பிறகு வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியாகப் புகுந்திருந்தால் விதவிதமான முடிச்சுகள் இருக்க வேண்டும். 1980களில் எண்ணிப் பார்த்தார்கள். கட்டியின் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே முடிச்சு! அப்படியானால் ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்து, அந்த ஒரு செல்லிலிருந்தே கட்டி முழுவதும் வந்திருக்கிறது. வைரஸ் முதலில், கட்டி பிறகு. பின்னால் வந்து வேடிக்கை பார்த்தவன் என்ற வாதம் அதோடு முடிந்தது.

1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இ.பி.வி.யை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் வரவில்லை?

வைரஸ் தனியாக இந்தக் காரியத்தைச் செய்வதில்லை என்பதால். பி-செல் தன் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? பர்க்கிட் லிம்போமாவில் நடப்பது இதுதான்: 8-ஆம் குரோமோசோமில் 'மிக்' என்றொரு மரபணு. செல்லைப் "பெருகு" என்று விரட்டுவது அதன் வேலை. தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். அது பிய்ந்து, பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமில், எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பி-செல்லில் அந்த இடம் இரவும் பகலும் விளக்கெரிகிற இடம். 'மிக்'குக்குத் தூக்கமே இல்லாமல் போகிறது.

ஆனால் செல்லும் முட்டாள் இல்லை. 'மிக்' அளவுக்கு மீறி ஆடினால் "இது சரியில்லை" என்று தன்னையே கொன்றுகொள்ளும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. நட்சத்திர வானத்தில் அத்தனை துப்புரவு செல்கள் இருப்பது அதனால்தான். அந்தத் தற்கொலையைத் தடுக்கிற உதவியை இ.பி.வி. செய்கிறது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். மலேரியாவின் பங்கு என்ன? அது பி-செல்களை ஓயாமல் கிளப்பிவிடுகிறது; வெட்டி ஒட்டும் வேலை கூடுகிறது, தப்பு நடக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கூடவே, இ.பி.வி.யைக் கட்டுப்படுத்தும் டி-செல்களையும் களைப்பாக்குகிறது. பர்க்கிட்டின் வரைபடத்துக்குக் காரணம் இப்படி விளங்கியது. ஆப்பிரிக்கப் பட்டையில் வரும் இந்தக் கட்டிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் இ.பி.வி. இருக்கிறது. மற்ற நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பர்க்கிட் லிம்போமாவில் பெரும்பாலும் இ.பி.வி. இல்லை, 'மிக்' கோளாறு மட்டும் தவறாமல் இருக்கிறது. ஆக முதல் குற்றவாளி 'மிக்', வைரஸ் உடந்தை.

எல்லா லிம்போமாவிலும் இ.பி.வி. இப்படிக் கூட்டாளியாக மட்டும் நிற்பதில்லை. பி-செல் உயிரோடு இருக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று, "எனக்கான கிருமியைப் பிடித்துவிட்டேன்" என்று அதன் சொந்த ஏற்பி (கிருமியைப் பிடிக்க செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) தரும் கையெழுத்து. இன்னொன்று, டி-செல் தரும் ஒப்புதல். வி.ஏ.ஓ. கையெழுத்தும் தாசில்தார் கையெழுத்தும் இல்லாமல் சான்றிதழ் வாங்க முடியாதது மாதிரி. இ.பி.வி.யிடம் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுக்கொடுக்கும். ஹாட்ஜ்கின் லிம்போமாவின் புற்றுச்செல் ஒரு முடமான பி-செல். சொந்த ஏற்பியே செய்யத் தெரியாதது. நியாயமாக அது என்றைக்கோ செத்திருக்க வேண்டும். இ.பி.வி. உள்ளே இருந்தால் அதன் கள்ளக் கையெழுத்தில் பிழைத்துக் கிடக்கிறது.

விரல் மை

இப்போது பேத்தாலஜிஸ்டின் மேசைக்குத் திரும்புவோம். ஒரு கணு வந்திருக்கிறது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்று சந்தேகம். இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு: கட்டியில் 100 செல் இருந்தால் அதில் ஒன்றிரண்டுதான் புற்றுச்செல். ஆந்தை முழித்துப் பார்ப்பது மாதிரி இரண்டு பெரிய கருக்களோடு இருக்கும். மீதி எல்லாம் சுற்றிக் கூடிய அப்பாவிக் கூட்டம். இந்தக் கணுவை அரைத்து, பி.சி.ஆர். போட்டு "இ.பி.வி. பாசிட்டிவ்" என்று சொன்னால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆந்தைக்கண் செல்லில் இருந்ததா, பக்கத்தில் நின்ற அப்பாவி செல்லில் இருந்ததா? அரைத்த பிறகு யாரைக் கேட்பது?

அதற்குத்தான் ஈபர் என்ற சோதனை. இ.பி.வி. குடியிருக்கும் செல்லின் கருவுக்குள் வைரஸின் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கும். அவற்றோடு மட்டும் பொருந்தி ஒட்டும் ஒரு தூண்டிலைத் தயாரித்து, அதில் சாயம் கோத்து, ஸ்லைடின் மேல் விடுவார்கள். வைரஸ் உள்ள செல்லின் கரு மட்டும் அடர் நிறமாகும். ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கும் மை மாதிரி. செல்லின் உருவமும் அப்படியே இருக்கும், மையும் தெரியும். ஆந்தைக்கண் செல்களில் எல்லாம் மை இருந்தால் அது இ.பி.வி. சார்ந்த ஹாட்ஜ்கின். சுற்றியுள்ள சின்னச் செல்கள் நாலைந்தில் மட்டும் மை இருந்தால்? அது யார் கணுவிலும் இருக்கக்கூடியது. என் கணுவை வெட்டினாலும் இருக்கும்.

கண்ணை ஏமாற்றும் இடமும் உண்டு. மோனோநியூக்ளியோசிஸ் வந்த ஒரு கல்லூரிப் பையனின் கணுவை வெட்டிப் பார்த்தால் பெரிய பெரிய செல்கள், சிலது ஆந்தைக்கண் மாதிரியே, மையோடு கிடக்கும். லிம்போமா என்று எழுதக் கை துடிக்கும். அனுபவமுள்ளவர் முதலில் பையனுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல், தொண்டைப்புண் உண்டா என்று ஃபோன் போட்டுக் கேட்பார்.

ஈபர் முடிவால் வைத்தியமே மாறும் சந்தர்ப்பமும் இருக்கிறது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்தவர்கள், புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுவார்கள். டி-செல்களின் கை கட்டப்பட்டுவிடுவதால் படுத்திருந்த இ.பி.வி. எழுந்து பி-செல்களைப் பெருக்கும். கட்டி வரும். மை வைத்துப் பார்த்து இ.பி.வி.தான் என்று தெரிந்தால், டாக்டர் முதலில் செய்வது அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பது. அதிலேயே கட்டி கரைந்துபோனவர்கள் உண்டு. கட்டவிழ்த்த டி-செல்களே வேலையை முடித்துவிடும். எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு லிம்போமா அதிகம் வருவதற்கும் அடிப்படை இதே போன்றதுதான். காவல் இல்லாத வீடு.

மற்ற சில வைரஸ்கள், சுருக்கமாக

இ.பி.வி.க்கு ஒரு தாயாதி உண்டு. 1994-ல் அமெரிக்கப் பேத்தாலஜிஸ்ட் யுவான் சாங்கும் அவர் கணவர் பேட்ரிக் மூரும் கபோசி சார்கோமா என்ற கட்டியை எடுத்துக்கொண்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் தோலில் ஊதாத் தழும்பாக வருவது. அதன் டி.என்.ஏ.வையும் அதே நோயாளியின் நல்ல திசுவின் டி.என்.ஏ.வையும் எடுத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சிய துண்டு ஒரு புது ஹெர்பிஸ் வைரஸுடையது. எப்ஸ்டீன் கண்ணால் கண்டதை இவர்கள் கழித்தல் கணக்கில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே எதெல் செசர்மான் என்ற பேத்தாலஜிஸ்ட் குழுவினர், கட்டியே இல்லாத ஒரு லிம்போமாவில் இதே வைரஸைக் காட்டினார்கள். நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் நீர் கோத்திருக்கும், அந்த நீரில் புற்றுச்செல்கள் மிதக்கும், அவ்வளவுதான். அதே செல்லில் பெரும்பாலும் இ.பி.வி.யும் கூடவே இருக்கும்.

ஜப்பானின் தென்மேற்கில் ஒரு ரத்தப்புற்று சில ஊர்க்காரர்களுக்கே வருவதை 1977-ல் கியோஷி தகாட்சுகி குழுவினர் கவனித்து எழுதினார்கள். டி-செல்களில் வருவது, செல்லின் கரு பூ இதழ் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். பின்னால் எச்.டி.எல்.வி.–1 என்ற வைரஸ் அதில் பிடிபட்டது. தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போய், நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து, அதுவும் நூற்றில் சிலருக்கு மட்டுமே நோயாகிறது.

லிம்போமாவுக்கு வெளியே, கல்லீரல் புற்றுக்கு ஹெபடைடிஸ் பி-யும் சி-யும், கருப்பைவாய்ப் புற்றுக்கு எச்.பி.வி.யும் காரணம் என்பது பலரும் கேள்விப்பட்டது. ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. இ.பி.வி.க்கு இன்னும் சந்தைக்கு வரவில்லை. எப்ஸ்டீன் 1968-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேத்தாலஜி பேராசிரியராகப் போன பிறகு பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்தார். வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுத்து டாமரின் என்ற சின்னக் குரங்குகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டு, லிம்போமா வராமல் காத்துக் காட்டினார். 2024 பிப்ரவரியில் 102 வயதில் இறந்தார்.

ரிப்போர்ட் கையில் வந்தால்

நெறி கட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் பாட்டி சொன்னதுதான் காரணம். புண் ஆறியும் வாரக்கணக்கில் வடியாமல், வலிக்காமல், ரப்பர் மாதிரி கெட்டியாகப் பெருத்துக்கொண்டே போனாலோ, கூடவே காய்ச்சலும் இரவில் வேர்வையும் எடைக்குறைவும் இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் ஊசி குத்திச் செல்லை உறிஞ்சிப் பார்ப்பார்கள். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் கணுவையே எடுக்க வேண்டும் என்பார்கள். "அதான் ஊசி போட்டுப் பார்த்தாச்சே, எதுக்கு மறுபடியும் கத்தி?" என்று வீட்டில் சண்டை வரும். ஊசியில் வருவது உதிரிச் செல்கள். லிம்போமாவில் செல் எப்படி இருக்கிறது என்பதோடு யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இடிந்த வீட்டின் செங்கல்லைக் காட்டி வரைபடம் கேட்டால் எந்தக் கொத்தனாரும் திணறுவார்.

எடுத்த கணுவின் மெழுகு ப்ளாக்கை லேபில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது ரிப்போர்ட்டைவிட அந்த ப்ளாக்கைத்தான். பத்து வருடம் கழித்தும் அதிலிருந்து புதிதாகச் சீவி ஈபர் போட முடியும். சின்னதாக இருக்கிறதே என்று பையில் அப்படியே போட்டு வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.

ரிப்போர்ட்டில் "இ.பி.வி. பாசிட்டிவ்" என்று பார்த்ததும் சில வீடுகளில் நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. புற்றுநோய் தொற்றாது. அந்த வைரஸைப் பொறுத்தவரை, பரிமாறுகிறவர் பெரும்பாலும் அதைக் குழந்தையிலேயே வாங்கிவிட்டவர்.